ஓபியாய்டும் ஊக்க மருந்தும் சேர்ந்தால் உடம்புச் சூடும் அசைவும் என்னாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் படித்தவன். சீட்டோடு வருகிறவர்கள் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. ஜிம்முக்குப் போகும் பையன்கள், ஆழ்கடலுக்குப் போகும் அண்ணன்மார், மகனின் சட்டைப்பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்ட அம்மாக்கள் என்று பலர் கேட்டவை. கேட்கும் விதம்தான் வேறு. எல்லாருக்கும் உள்ளே இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: மயக்கும் மருந்தும் முறுக்கேற்றும் மருந்தும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுமா? சரிக்கட்டாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் நிச்சயமாகச் சரிக்கட்டாது.

எந்த மருந்துகளைச் சொல்கிறீர்கள்?

ஓபியாய்டு என்பது அபினிலிருந்து வந்தவையும், அதே வேலையைச் செய்யும் செயற்கை மருந்துகளும். மார்ஃபின், கோடீன், ஹெராயின், பெத்திடின், ஃபென்டனில், டிரமடால், டாபென்டடால், புப்ரினார்ஃபின் எல்லாம் இதில் அடக்கம். ஊக்க மருந்து என்றால் ஆம்ஃபெட்டமின், மெத்தாம்ஃபெட்டமின், கொக்கெய்ன், எம்டிஎம்ஏ, மெத்தில்ஃபெனிடேட், மெஃபென்டெர்மின். டீயில் இருக்கும் கஃபீனும் இந்தக் குடும்பம்தான், ஆனால் சின்ன ஆள்.

ஒன்று தூக்கும், ஒன்று இறக்கும். நடுவில் வந்து நிற்காதா?

ஓணத்துக்கும் பொங்கலுக்கும் நம் பக்கம் வடம் இழுப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் நடுவில் அசையாமல் நிற்கிறது என்பதற்காக இரண்டு பக்கமும் இழுக்கிறவர்கள் ஓய்வெடுக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வெளியிலிருந்து பார்க்க ஆள் நிதானமாகத் தெரிவார். உள்ளே மூச்சை ஒன்று அடக்கிக்கொண்டிருக்கும், இதயத்தை இன்னொன்று விரட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதில்லை. ஓபியாய்டு மூச்சை அடக்குவது மூளைத்தண்டில். ஊக்க மருந்து இதயத்தையும் ரத்தக்குழாயையும் பிடிப்பது நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனம் வழியாக. இரண்டும் சந்திக்கும் ஒரு முக்கியமான இடம் டோபமைன், மூளையில் ஆசையையும் துள்ளலையும் கிளப்பும் ரசாயனம். அங்கே எதிரெதிராக இல்லை, கூட்டாளிகளாகவே இருக்கின்றன. டோபமைன் செல்களை அடக்கி வைத்திருக்கும் காவல் செல்களை ஓபியாய்டு தூங்க வைக்கும். ஊக்க மருந்து, வெளியே வந்த டோபமைனைத் திரும்பப் போகவிடாமல் தடுக்கும், அல்லது இன்னும் வெளியே தள்ளும். ஹெராயினையும் கொக்கெய்னையும் சேர்த்துக் கொடுத்த எலிகளின் மூளையில் அளந்தபோது, டோபமைன் ஏறியது தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம்.

அப்புறம் நேரக் கணக்கு. கொக்கெய்னில் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மெத்தாம்ஃபெட்டமினுக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும். கொக்கெய்ன் முதலில் இறங்கிவிட்டால், அதுவரை விழிப்பாக வைத்திருந்த கை எடுக்கப்பட்டு, மிச்சமிருக்கும் ஓபியாய்டு மூச்சை நிறுத்தும். மெத்தாம்ஃபெட்டமின் என்றால் கதை தலைகீழ்: மயக்கம் தெளிந்த பிறகும் சூடும் படபடப்பும் மணிக்கணக்கில் தொடரும்.

ஓபியாய்டு மட்டும் எடுத்தால் உடம்பு சூடாகுமா, குளிருமா?

இரண்டும் நடக்கும். உடம்புச் சூட்டை நிர்ணயிப்பது மூளைக்கு அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் முன்பகுதி. 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி அது பிடித்து வைத்திருக்கும். எலிகளுக்கு மார்ஃபினைக் குறைந்த அளவில் கொடுத்தால் சூடு ஏறும், அதிக அளவில் கொடுத்தால் இறங்கும். ஓபியாய்டு போய் ஒட்டும் இடங்களை ஏற்பி என்பார்கள். மியூ என்ற ஏற்பி பெரும்பாலும் ஏற்றும் பக்கம், கப்பா என்ற ஏற்பி இறக்கும் பக்கம். தொடர்ந்து கொடுத்துப் பழக்கினால் இறங்குவது மெல்ல மெல்ல மறைந்து, ஏறுவது மட்டும் மிஞ்சும்.

மனிதர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கும் இடம் ஆபரேஷன் தியேட்டர். ஓபியாய்டு ஏறிய உடம்பு எந்தச் சூட்டில் நடுங்கத் தொடங்க வேண்டுமோ அந்த வரம்பு கீழே போய்விடும். ஏசி அறையில் உடம்பு குளிர்ந்தாலும் நடுங்காது.

சிசேரியன் முடிந்து என் மனைவிக்குக் கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். ஓர் ஊசி போட்டதும் நின்றது. அதுவும் இதுதானா?

அதேதான். முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்த பிறகு வரும் நடுக்கத்துக்கு டிரமடாலோ பெத்திடினோ கொடுப்பது நம் மருத்துவமனைகளில் வழக்கம். சூட்டையும் தசை அசைவையும் ஒரே மருந்து சேர்த்துப் பிடிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மயக்க மருத்துவர் பக்கத்தில் நின்று, மூச்சையும் ரத்தத்தில் ஆக்ஸிஜனையும் பார்த்துக்கொண்டு கொடுத்தது அது. பயப்பட ஒன்றுமில்லை.

ஊக்க மருந்து ஏன் உடம்பைக் கொதிக்க வைக்கிறது?

தசை விடாமல் வேலை செய்யும், உள்ளே எரிபொருள் வேகமாக எரியும், தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். சூடு உண்டாவது கூடுகிறது, வெளியேறும் வாசல் அடைகிறது. இதோடு தாகமும் களைப்பும் உறைக்காது.

சுற்றியுள்ள வெப்பத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. எம்டிஎம்ஏ கொடுத்த எலியை 20 டிகிரியை ஒட்டிய அறையில் வைத்தால் அதன் சூடு குறையக்கூடும். அதே அளவைக் கொடுத்து 30 டிகிரி அறையில் வைத்தால் ஆபத்தான அளவுக்கு ஏறும். மருந்து, சூட்டை ஒரு திசையில் தள்ளுகிறது என்பதைவிட, உடம்பு தன்னைத்தானே சமாளிக்கும் திறனைப் பறிக்கிறது என்பதே சரி. பறித்த பிறகு அறை எப்படியோ உடம்பும் அப்படி.

1998-இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று இதை மனிதர்களிடம் காட்டியது. பகல் வெப்பம் 31.1 டிகிரி செல்சியஸைத் தொட்ட நாட்களில் கொக்கெய்ன் அளவு மீறி இறந்தவர்கள் சராசரியாக 33 சதவீதம் கூடுதல். நியூயார்க்காரர்களுக்கு 31 டிகிரி வெயில் நாள். நாகர்கோவிலில் அது சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை.

வெப்பமானி காட்டும் எண்ணும் முழுக்கதை இல்லை. வியர்வை சிந்தினால் போதாது, காய வேண்டும். காய்ந்தால்தான் சூடு போகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நிற்கிறவருக்கு வியர்வை நிமிடத்தில் காயும். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரப் புழுக்கத்தில் சட்டை நனைந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஆனால் உடம்புக்கு இரண்டும் வேறு.

சரி, இரண்டும் சேர்ந்தால்?

அளவு, எது முதலில் போனது, சுற்றிலும் என்ன வெப்பம், ஆளுக்கு எவ்வளவு பழக்கம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஓபியாய்டு குறைந்த அளவில் சூட்டை ஏற்றும் பக்கம் இருந்தால், ஊக்க மருந்தோடு கைகோத்துக்கொள்ளும். அதிக அளவில் இறக்கும் பக்கம் இருந்தால், தொட்டுப் பார்க்கும்போது சூடு தெரியாது. முதல் மருந்து இறங்கியதும் அடியில் இருந்தது மேலே வரும். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்டக் கூடாது என்பது இதனால்தான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வெயிலில் நமக்குச் சூடேறினால் நிழலுக்குப் போவோம், தண்ணீர் குடிப்போம், சட்டையைக் கழற்றுவோம். உடம்பின் முதல் குளிர்விப்பு அதுதான். ஓபியாய்டு ஏறியவர் தகரக் கூரை போட்ட அறையில் சாய்ந்தால் சாய்ந்தபடி கிடப்பார். உள்ளே ஊக்க மருந்து கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும், எழுந்து வெளியே போகத் தோன்றாது. எந்த ஆய்வகக் கூண்டிலும் இது சரியாகப் பதிவாவதில்லை, ஏனென்றால் எலிக்குப் போக வேறு இடமே இல்லை.

அசைவு எப்படி மாறும்? ஓபியாய்டு என்றால் தூங்கித்தானே வழிவார்கள்?

மனிதன் தூங்கி வழிவான். எல்லா உயிரும் அப்படி இல்லை. மார்ஃபின் கொடுத்த சுண்டெலி ஓட ஆரம்பித்துவிடும், வால் முதுகுக்கு மேல் வளைந்து விறைத்து நிற்கும். இதை 1911-இல் ஜெர்மனியின் வால்தர் ஸ்ட்ராப் எழுதி வைத்தார். பின்னாளில் ஒரு மருந்து ஓபியாய்டா என்று சோதிக்கவே அந்த வாலைப் பார்த்தார்கள். பெரிய எலி முதலில் விறைத்துப்போய் உட்காரும், சில மணி நேரம் கழித்து ஓட்டமாய் ஓடும். குதிரையும் பூனையும்கூட அதிக அளவில் கிளர்ச்சியடையும்.

ஊக்க மருந்துக்குக் குறைந்த அளவில் ஓட்டம் கூடும். அளவு ஏற ஏற ஓட்டம் நின்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது தொடங்கும். எலி என்றால் முகர்வது, கடிப்பது, தலையை ஆட்டுவது. மனிதர் என்றால் பல்லைக் கடிப்பது, தாடையை அசைப்பது, செல்போனைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டே இருப்பது. இரவு முழுக்க ஒருவன் பைக்கைப் பிரித்துக்கொண்டிருக்கிறான் என்றால் மெக்கானிக் ஆசை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இரண்டையும் சேர்த்தால், குறைந்த, நடுத்தர அளவுகளில் எலியின் ஓட்டம் தனித்தனியாகக் கொடுத்ததைவிடக் கூடும். ஓபியாய்டு அளவு மிஞ்சினால் அதே ஓட்டம் அடங்கும். இன்னொரு விசித்திரம்: ஓபியாய்டைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனை முன்கூட்டியே கொடுத்தால் ஆம்ஃபெட்டமினின் துள்ளலும் குறையும். அதாவது ஊக்க மருந்தின் வேலையில் ஒரு பங்கு உடம்பே சுரக்கும் ஓபியாய்டுகளின் மேல் ஏறித்தான் நடக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்வீடனில் ஆம்ஃபெட்டமினுக்கு அடிமையானவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்துப் பார்த்தார்கள்.

எலியின் சூட்டை எப்படி அளக்கிறார்கள்? ஓடும்போது பிடித்தால் பயத்திலேயே சூடேறாதா?

ஏறும். நல்ல கேள்வி, கேட்டது பிளஸ் டூ மாணவி. அதனால் வயிற்றுக்குள் சின்ன ரேடியோ கருவி ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். கூண்டுக்கு அடியில் இருக்கும் பலகை சூட்டையும் அசைவையும் சேர்த்தே பதியும். கையே படாது.

ஜிம்மில் ஒருவர் ‘ஊசி போட்டால் வலு வரும், அப்புறம் வலி மாத்திரை போட்டுக்கொள்’ என்கிறார். போடலாமா?

கூடாது. அந்த ஊசி பெரும்பாலும் மெஃபென்டெர்மின். முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்யும்போது விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்குவதற்கான மருந்து அது, தசை வளர்க்க அல்ல. ரத்த அழுத்தம் நன்றாக இருக்கும் 22 வயதுப் பையனுக்கு அதைப் போட்டால் இதயத் துடிப்பும் அழுத்தமும் எகிறும். ஜன்னல் அடைத்த ஜிம், கனத்த எடை, ஊக்க மருந்து மூன்றும் சூட்டை ஒரே பக்கம் தள்ளும். தசை அளவுக்கு மீறிச் சூடானால் செல்கள் உடைந்து, அதிலிருக்கும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை.

மேலே டிரமடாலோ டாபென்டடாலோ போட்டால் தசை ‘நிறுத்து’ என்று சொல்லும் வலியும் காதில் விழாது. டிரமடாலுக்கு வலிப்பை வரவழைக்கும் குணமும் உண்டு, ஊக்க மருந்துக்கும் உண்டு.

டாக்டரே டிரமடால் எழுதினார். நான் மனச்சோர்வுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பிரச்சினையா?

இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். டிரமடால் சாதாரண ஓபியாய்டு இல்லை. செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு நரம்பு ரசாயனங்களையும் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கும் வேலையும் செய்யும். எஸ்சிடலோபிராம், ஃப்ளூயாக்ஸெட்டின் போன்றவற்றோடும், இருமல் மருந்திலிருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானோடும், லினெசோலிட் என்ற கிருமிக்கொல்லியோடும் சேர்ந்தால் செரட்டோனின் மிஞ்சலாம். எம்டிஎம்ஏ சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

அறிகுறி சூட்டிலும் அசைவிலும்தான் முதலில் தெரியும். வியர்வை, பதற்றம், கை நடுக்கம். கணுக்காலை மேலே மடக்கிப் பிடித்தால் பாதம் தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும். முற்றினால் தசை விறைத்து, சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்.

1984-இல் நியூயார்க்கில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருவர், ஃபெனெல்சின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். உடல் உதறலை அடக்கப் பெத்திடின் கொடுத்தார்கள். விடியும்போது சூடு 42 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போய் இறந்துவிட்டார். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்ததே காரணம் என்பது பெரும்பாலோர் கருத்து. தூக்கமில்லாத பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தை வாரம் 80 மணிக்குள் கட்டுப்படுத்தும் விதி 1989-இல் அந்த மாநிலத்தில் வந்தது இந்தச் சாவுக்குப் பிறகுதான்.

எனவே எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

டாக்டர்களே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லையா?

கொடுத்ததுண்டு. லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் பெயரில் மார்ஃபினும் கொக்கெய்னும் மதுவும் கலந்த ஒரு நீர்மருந்து, சாகக் கிடக்கும் நோயாளிகளுக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டது. பிறகு ஒப்பிட்டுப் பார்த்ததில் கொக்கெய்னால் பெரிய லாபம் இல்லை என்று தெரிந்து கைவிட்டார்கள். 1977-இல் ஆபரேஷன் முடிந்தவர்களிடம் செய்த ஆய்வில், 10 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் சேர்த்தால் மார்ஃபினின் வலி போக்கும் வலு இரட்டிப்பானது. இன்றும் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் சாப்பிட்டுத் தூங்கி வழிகிறவருக்குச் சிறிய அளவில் மெத்தில்ஃபெனிடேட் எழுதும் மருத்துவர்கள் உண்டு. அளந்து, ஆளைப் பார்த்து, நாடி பிடித்துக் கொடுப்பது அது.

காய்ச்சல் போலத்தானே கொதிக்கிறது, பாராசிட்டமால் கொடுக்கலாமா?

பயன் இல்லை. காய்ச்சலில் ஹைப்போதலாமஸே அளவை உயர்த்தி வைக்கிறது, பாராசிட்டமால் அதை இறக்கும். இங்கே அளவு உயரவில்லை, சூடு வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. வெளியிலிருந்துதான் குளிர்விக்க வேண்டும்.

ஒருவர் இப்படி விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

முதலில் மூச்சு, அப்புறம்தான் சூடு. மூச்சு மெதுவாக, குறட்டை போல, உதடு நீலம் என்றால் ஓபியாய்டு பக்கம் மிஞ்சிவிட்டது. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கவில்லையே என்று ஏமாற வேண்டாம், ஊக்க மருந்து சேர்ந்திருந்தால் சுருங்காமலும் இருக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூச்சு இருந்து நினைவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

உடம்பு கொதித்தால் சட்டையைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கடலோரப் புழுக்கத்தில் விசிறுவது மட்டும் போதாது. மீன்பிடித் துறையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். ஆள் முரண்டு பிடித்தால் நான்கு பேர் சேர்ந்து குப்புற அமுக்காதீர்கள். திமிறத் திமிறத் தசைச் சூடு ஏறும், மூச்சும் அடையும். என்ன சாப்பிட்டார் என்று தெரிந்தால் ஆம்புலன்ஸ்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நலோக்சோன் ஊசி போட்டால் சரியாகிவிடுமா?

நலோக்சோன் ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் மாற்று மருந்து. ஓபியாய்டு பங்கு மட்டும் சரியாகும், அதுவும் 30 முதல் 90 நிமிடம் வரை. ஊக்க மருந்தை அது தொடாது. மூச்சு திரும்பி ஆள் எழுந்ததும் அடங்கியிருந்த படபடப்பும் சூடும் வெளியே வரலாம். டிரமடால் என்றால் மருந்தின் ஒரு பாதியைத்தான் நலோக்சோன் திருப்பும். ‘எழுந்துவிட்டான், வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பாதீர்கள்.

மாத்திரையை நிறுத்தியதும் மகனுக்குக் குளிரும் வியர்வையும். இரவெல்லாம் காலை உதைக்கிறான். பேய் பிடித்ததா என்கிறாள் பாட்டி.

பேய் இல்லை. ஓபியாய்டு பழகிய உடம்பு அது இல்லாமல் தடுமாறுகிறது. மயிர்க்கூச்செறிதல், மாறி மாறிக் குளிரும் வெக்கையும், கால் உதறல், கொட்டாவி, வயிற்றுப்போக்கு. இதை மருந்தால் எளிதாக்க முடியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். போனில் பேச 14446 போதை மீட்புக்கான இலவச எண், 14416 மனநல ஆலோசனைக்கு. நிறுத்திச் சில நாள் ஆனவர் பழைய அளவையே திரும்ப எடுத்தால் உடம்பு தாங்காது என்பதை அவனிடமே சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமே?

உயிர் போகிற நேரத்தில் 108-க்குத் தயங்க வேண்டாம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவோடு பிடிபட்ட அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். டிரமடால் 2018 ஏப்ரல் முதல் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. சீட்டில்லாமல் தரச் சொல்லிக் கடையில் சண்டை போடுகிறவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப மாட்டோம். முதுகு வலிக்கு மாத்திரை கொண்டு போகலாமா?

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து அண்ணன்மார் கேட்பது. சீட்டோடு வாங்கியது என்றால் கொண்டு போகலாம், சீட்டும் கூடவே இருக்கட்டும். எழுதிய அளவுக்கு மேல் வேண்டாம். தூக்கம் வராமல் இருக்க வேறு எதையாவது அதோடு சேர்க்க வேண்டாம். இன்ஜின் அறை வேலையை மாத்திரை போட்ட உடனே எடுக்காதீர்கள், அங்கே இருக்கும் வெக்கை உங்களுக்கே தெரியும். யாராவது விழுந்தால் மேல்தட்டுக்குத் தூக்கி வந்து, மீனுக்கு வைத்திருக்கும் ஐஸை எடுங்கள். படகிலிருக்கும் விஎச்எஃப் ரேடியோவில் கடலோரக் காவல் படையைக் கூப்பிடுங்கள், போன் எடுக்கும் தூரம் என்றால் 1554.